பானுவின் வண்டி, அஜித்தின் பெயர்

பானுப்ரியா தன் இருபத்தாறு வயதுக்குள் தானே கேட்டு, தானே பணம் சேர்த்து வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான். ஆறு வருடம் ஓடிய நீலநிற ஆர் ஒன் ஃபைவ் பைக். குனிந்து உட்கார்ந்து ஓட்டுகிற ரேஸ் வண்டி மாதிரியானது. அது அவளிடம் பதினோரு மாதம் இருந்தது.

நானும் அவளும் காந்திகிராமத்தில் ஒன்றாகப் படித்தோம். இரண்டு பேர் வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நாங்கள்தான். படிப்பு முடிந்ததும் அவள் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் சோதனைக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். நூலின் பலத்தை அளந்து எழுதுகிற வேலை. நான் திண்டுக்கல்லில் இருந்தபடி அரசு வேலைக்குத் தேர்வு எழுதினேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வடமதுரையிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் அவள் ஊர். அப்பா நாச்சிமுத்து ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் கத்தரியும் போடுகிறார். அம்மா சிவனம்மாள். தம்பி அஜித் அவளைவிட நாலு வயது இளையவன். பாலிடெக்னிக்கில் மூன்று பேப்பரைப் பாக்கி வைத்துவிட்டு வடமதுரையில் ஒரு செல்போன் கடையில் இருக்கிறான். கெட்ட பையன் இல்லை. அக்காவிடம் கேட்காமல் ஒரு சட்டை எடுக்க மாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைப் படிக்கிறவர்கள் அவன்மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

பானுவுக்கு வண்டி ஓட்டுவது புதிதல்ல. அப்பாவுக்கு முடியாத நாட்களில் எக்ஸெல் மொபெட்டில் நான்கு தக்காளிக் கூடைகளைக் கட்டிக்கொண்டு வடமதுரைக்குப் போனவள். கியர் வண்டி கல்லூரியில் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் எடுக்கும்போது எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். ஒரே தடவையில் போட்டாள். ஆனால் சுமை இல்லாமல், ஒரு வேலையும் இல்லாமல் அவள் வண்டி ஓட்டியதே இல்லை. வேலைக்கு மில் வேன். திண்டுக்கல்லுக்கு வர வேண்டுமென்றால் அஜித் கொண்டுவந்து விட வேண்டும். அஜித்துக்கு நேரமிருந்தால் அவளுக்கும் நேரமிருக்கும்.

"ஸ்கூட்டி வாங்கேன்டி, பழசு நெறய கிடைக்குதே," என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"ஸ்கூட்டி வாங்குனா அதுல எங்கம்மா ஏறும். சித்தி ஏறும். ரேஷன் அரிசி ஏறும், முன்னாடி உரமூட்டை நிக்கும். இந்த வண்டியில பின்சீட்டப் பாத்தியா? உள்ளங்கை அகலம். அதுவும் பரண் மாதிரி ஒசரத்துல. எங்கம்மா ஏறவே மாட்டா."

"ஏறாட்டி?"

"ஒரு ஆளு வண்டிடி. நான் மட்டும் போயிட்டு நான் மட்டும் வரணும். அம்புட்டுதான்."

எங்கே போய்விட்டு வர வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவளிடம் பதில் இல்லை. எனக்கும் அன்றைக்கு அது ஒரு குறையாகத்தான் தெரிந்தது. இடம் இல்லாத பயணத்துக்கு எதற்கு வண்டி என்று நினைத்தேன்.

இரண்டு வருட போனஸும், வேனில் போகும்போது தோழிகளோடு கட்டிய சீட்டுப் பணமும் சேர்ந்தபோது வீட்டில் சொன்னாள். அப்பா, "ஓட்டத் தெரிஞ்சா வாங்கிக்க ஆத்தா," என்றார். அம்மா மறுப்புச் சொல்லவில்லை. வடமதுரையில் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

எங்கள் பக்கம் வண்டி வாங்குவதற்கு முன்னால் யார் பேருக்கு வாங்குவது என்று பார்ப்பார்கள். பணம் யாருடையது என்பது வேறு, பேர் யாருடையது என்பது வேறு. சிலருக்கு இரும்பு ராசி இருக்காது என்பார்கள். பானுவுக்கு இல்லை என்று அவள் அம்மா பத்து வருடமாகவே சொல்லிவந்தாள். பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுத்த அதே வாரம் கிணற்று மோட்டார் புகைந்து போனது. அடுத்த வருடம் தையல் மிஷின் வாங்கித் தந்தார்கள், அந்த மாதமே கன்றுக்குட்டி செத்தது. ஜோசியரும் கட்டத்தைப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். பெண் பேரில் இரும்பு சேர்ந்தால் தகப்பனுக்கு ஆகாது. தம்பி பேரில் எடுங்கள், தாராளமாக ஓடும்.

"வண்டி நீயே ஓட்டு. எவன் வேணாங்குறான்? பேரு மட்டும் தம்பி பேருல கெடக்கட்டும்," என்றாள் அம்மா.

பானு சண்டை போடவில்லை. வேதியியல் படித்த பெண் ஏன் சண்டை போடவில்லை என்று கேட்கலாம். அப்பாவுக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், எதைப் படித்திருந்தாலும் அந்த வார்த்தையைத் தாண்டிக் கால் வைக்க முடியாது. நானாக இருந்தாலும் முடியாது.

பழைய வண்டிகள் விற்கிற ஆட்டோ கன்சல்டிங் கடை ஒன்று திண்டுக்கல்லில், பழனி ரோட்டில் இருந்தது. தகரக் கொட்டகைக்குக் கீழே முப்பது வண்டிகள் வரிசையாக நின்றன. கடைக்காரர் முகமது பாரூக், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் மூன்று பேர் போனோம். அவர் நேராக அஜித்திடம்தான் பேசினார்.

"வாங்க தம்பி, வண்டி உங்களுக்கா?"

"அக்காவுக்கு பாய்."

"அக்காவுக்கா? உள்ள ஒரு ஸ்கூட்டர் வந்திருக்கு. டாக்டரம்மா ஓட்டுனது, பஞ்சு மாதிரி இருக்கும்."

"நான் இந்த நீல வண்டியப் பாக்கணும் பாய்," என்றாள் பானு.

அவர் சிரித்தார். "தங்கச்சி, இது ரேஸ் வண்டி. குனிஞ்சே ஓட்டணும். ரெண்டு நாள்ல முதுகு போயிரும்."

"மில்லுல எட்டு மணி நேரம் குனிஞ்சுதான் பாய் நிக்கிறேன். அங்க போற முதுகு இங்க போகட்டும்."

அவள் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜினில் கை வைத்தாள். கையை எடுத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சூடா இருக்கே. நாங்க வாரதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டீங்களா?"

பாரூக் அஜித்தைப் பார்த்தார். "உங்க அக்கா மெக்கானிக் படிச்சவங்களா?"

"இல்ல பாய், யூடியூப் படிச்சவ."

"ஆறட்டும்," என்றாள் பானு. "நாங்க போய் டீ குடிச்சிட்டு வாரோம். ஆறுன இன்ஜின்ல ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

ஒரு மணி நேரம் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். வேறு யாராவது வந்து வண்டியைத் தொடுகிறார்களா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பிப் போனபோது முதல் பட்டனிலேயே வண்டி கிளம்பியது. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். செயின் பல்லைப் பார்த்தாள். கைப்பிடியின் இடது முனையில் தேய்மானம் இருந்ததைக் காட்டி, "விழுந்திருக்கு," என்றாள்.

"நின்ன இடத்துல சாஞ்சது தங்கச்சி."

"நின்ன இடத்துல சாஞ்சா கியர் லிவர் இப்படி வளையாது பாய்."

நாலாயிரம் குறைத்தார். அவளை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பழனி ரோட்டில் போனவள் திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. "வண்டியோட போயிட்டாளா உங்க அக்கா?" என்று பாரூக் அஜித்தைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத வேண்டும் என்று ஆசைதான். ஆனால் அவள் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு அதை மாட்டியபடியே, "எடுத்துக்கிறேன் பாய்," என்றாள்.

பாரூக் மேசையைத் திறந்து படிவங்களை எடுத்தார். "பேரு மாத்தணும். ஆதார் குடுங்க."

பானு பையிலிருந்து அஜித்தின் ஆதாரை எடுத்து வைத்தாள்.

அவர் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "காசு நீங்க எண்ணிக் குடுக்குறீங்க. பேரு தம்பி பேரா?"

"எனக்கு இரும்பு ராசி இல்ல பாய்."

"நான் முப்பது வருஷமா இரும்புதான் விக்கிறேன். எனக்கும் ராசி இல்ல. பாருங்க, இன்னும் இந்தத் தகரத்துக்குக் கீழதான் உக்காந்திருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரிக்காமல் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுக்கங்க தங்கச்சி. எழுதுறது ஒரு நிமிஷம். திருப்பணும்னா அலைச்சல்."

பானு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அஜித்தை அவள் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் சொன்னேன்: "பேருதானடி. ஓட்டப்போறது நீதான. எழுதட்டும் விடு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை யோசித்துப் பார்க்கிறேன். வெயில் ஏறியிருந்தது, பசித்தது. அவள் அம்மாவிடம் வம்பு வேண்டாம் என்றிருந்தது. இவ்வளவுதான் காரணம் என்றால் அது மிகச் சின்னக் காரணம். என் பட்டச் சான்றிதழை என் அம்மா கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதில் என் பேர் இருக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவாள். ஒரு தாளில் பேர் இருப்பது என்றால் என்ன என்று தெரியாதவள் அல்ல நான்.

பெயர் மாற்றம் முடிந்தது. ஆர்.சி. அட்டையில் அஜித், தகப்பனார் பெயர் நாச்சிமுத்து. இன்ஷூரன்ஸும் அவன் பேரில். எல்லாவற்றுக்கும் வருகிற ஓ.டி.பி.யும் குறுஞ்செய்தியும் அவன் போனுக்கு.

முதல் வேலையாக அவள் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மூடியை மாட்டினாள். பார்ப்பதற்கு ஆமை ஓடு மாதிரி இருந்தது. அதன்பின் அந்த வண்டியில் அவளைத் தவிர ஒருவர் ஏற முடியாது. நானும் ஏறியதில்லை. மில் வேனை விட்டுவிட்டு வண்டியில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அதற்கு வீட்டில் அனுமதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இல்லை. கேட்டால் கிடைக்காது என்பதால் அவள் கேட்கவில்லை. மில்லில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு மாதத்தில் இரண்டு ஞாயிறு கிளம்பிவிடுவாள்.

திண்டுக்கல் வந்து, செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு. அதற்குமேல் மலைப்பாதை ஏறமாட்டாள். பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு டீ. பிறகு வந்த வழியே திரும்பிவிடுவாள். டீ குடிக்கும் நேரத்தில் எனக்கு போன் வரும்.

"டீக்கடைல ஒரு ஆளு கேக்குறாரு, யாரு கூட வந்தீங்கன்னு. வண்டி கூட வந்தேன்னேன். தள்ளிப் போயிட்டாரு."

"வேற?"

"வேற என்னடி? ஒண்ணுமில்ல. செம்பட்டி தாண்டுனா ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு வருதுல்ல, அங்க காத்து மாறும். ஹெல்மெட்டுக்குள்ள என் மூச்சுச் சத்தம் மட்டும் கேக்கும். யாரும் கூப்பிட முடியாது என்னைய."

நான் அப்போது குரூப் தேர்வுக்காக ஐந்தாவது முறை அதே வரலாற்றுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். அவள் மேல் எனக்குப் பொறாமை இருந்ததா? இருந்தது. மறைப்பதில் பயனில்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அஜித்தின் போனுக்கு அபராதச் செய்தி வந்தது. முந்தின நாள் செம்பட்டி - வத்தலக்குண்டு சாலையில் வேக அளவைத் தாண்டியதற்கு. செய்தியோடு ஒரு இணைப்பு, அதைத் தொட்டால் படம். நீல வண்டி, குனிந்த முதுகு, தெளிவான நம்பர் பிளேட், பக்கத்தில் தேதி, நேரம், இடம், வேகம் தொண்ணூற்று ஒன்று.

அஜித் கோபப்படவில்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கீழே, "எங்க அக்கா தொண்ணூத்தி ஒண்ணுல போறா, எவனாச்சும் தொட முடியுமா," என்று எழுதி நாலு நெருப்புப் பொம்மைகள் வைத்தான்.

அரை மணி நேரத்தில் பெரியப்பா சிவனம்மாளுக்குப் போன் செய்தார். "ஏத்தா, நேத்து ஞாயித்துக்கெழமயாச்சே. உம்மக வேலை பாக்குற மில்ல வத்தலக்குண்டுக்கு எப்பத் தூக்கிட்டுப் போனாங்க?"

பானு மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். வெஞ்சனத்துக்கு நறுக்கிய கத்தரிக்காய் தண்ணீரில் அப்படியே கிடந்தது. அடுப்புப் பற்ற வைக்கவில்லை. இதை பானு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"யாரப் பாக்கப் போன?"

"யாரையும் பாக்கலம்மா."

"பொய் சொல்லாத. யாரு அவன்?"

"யாருமில்லம்மா. சும்மா போனேன். டீ குடிச்சேன், வந்தேன்."

"டீ குடிக்க வத்தலக்குண்டா? நம்ம ஊர்ல டீ இல்லையா? யாரையும் பாக்காம எவளாச்சும் அம்புட்டு தூரம் பெட்ரோலு போட்டுப் போவாளா?"

அஜித் அப்போதுதான் தான் செய்ததைப் புரிந்துகொண்டான். படத்தை அழித்தான். அதற்குள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். "அம்மா, அக்கா அப்படி இல்லம்மா," என்று அவன் குறுக்கே வந்தான். "நீ பொத்திக்கிட்டுப் போ," என்றாள் அம்மா.

அடுத்த நாள் மதிய இடைவேளையில் பானு எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. அவள் பேசியதில் ஒன்றை மட்டும் நான் நோட்டில் எழுதி வைத்தேன். "ஒரு பையன் பேரச் சொல்லியிருந்தா ரெண்டு அடி அடிச்சிட்டு என்ன ஆளுகன்னு விசாரிச்சிருப்பாங்க. யாருமில்லன்னு சொன்னேன் பாரு, அதுக்குத்தான்டி பயப்படுறாங்க."

அதற்குப் பிறகு சாவி பீரோவுக்குப் போனது. காலையில் அம்மா எடுத்துக் கொடுப்பாள், மாலையில் வாங்கி வைப்பாள். அஜித் தினமும் கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். மில்லுக்குப் போக வர முப்பத்து நான்கு. பானு சில நாள் வேலை முடிந்து கூடப் பத்துக் கிலோமீட்டர் சுற்றிவிட்டு வருவாள். அஜித் மீட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு, "முப்பத்தி நாலும்மா," என்பான். அவன் அக்காவுக்குச் செய்ய முடிந்தது அது.

இத்தனைக்குப் பிறகும் வண்டி அவளிடம்தான் இருந்தது. அது போய்விடாமல் இருந்தால் போதும் என்ற அளவுக்கு அவள் ஆசை சுருங்கியிருந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால், தக்காளிக்குப் பாத்தி கட்டும்போது நாச்சிமுத்துவின் காலில் மண்வெட்டி பட்டது. பெரிய வெட்டு இல்லை. மஞ்சளை அப்பிக்கொண்டு மூன்று நாள் வேலை பார்த்தார். அவருக்குச் சர்க்கரை. ஐந்தாம் நாள் கால் வீங்கியது. பத்தாம் நாள் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

நான் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலுக்குக் கீழே சிவனம்மாள் உட்கார்ந்திருந்தாள். பானு மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். "இரும்பு வேணாம், வேணாம்னு."

எனக்குப் பொறுக்கவில்லை. "வண்டி அஜித் பேருலதானம்மா இருக்கு. ஜோசியர் சொன்ன மாதிரித்தான செஞ்சீங்க?"

"பேரு அவன் பேரு. ஏறி உக்காந்தவ யாரு? ஊரு மேஞ்சவ யாரு?"

நாச்சிமுத்து கண்ணைத் திறக்காமலே, "மம்பட்டி ஆரு பேருலடி இருக்கு? அதுக்கு ஆர்சி புக்கு இருக்கா?" என்றார். "செத்த நேரம் சும்மா கெடக்க விடு. அவளையும் விடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். மகளுக்காக அவர் பேசியது அவ்வளவுதான். வலி அவருக்கு. நடக்க முடியாதவரால் எதை நிறுத்த முடியும்?

பானு அந்த வாரம் முழுக்க மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேருந்தில் அலைந்தாள். வண்டியை எடுக்க அவளுக்கே மனம் வரவில்லை என்று சொன்னாள். "எனக்கு நம்பிக்கை இல்லதான்டி. ஆனா எடுத்துட்டு வந்து, இங்க அப்பாவுக்கு இன்னும் ஏதாச்சும் ஆச்சுன்னா?" ஒரு நம்பிக்கையை நம்பாமலேயே அதற்குக் கட்டுப்பட்டு நிற்க முடியும் என்பதை அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் மட்டும் என்ன, தேர்வுக்குப் போகும்போது பழைய பேனாவைத்தானே எடுத்துப் போகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் அஜித் எனக்குப் போன் செய்தான்.

"என்னடா?"

"அறிவக்கா, நீங்க அக்காட்ட சொல்லணும். எனக்கு வாய் வரல."

"என்ன சொல்லணும்?"

"வண்டியக் குடுத்துட்டேன். பாரூக் பாய்ட்டயே. அம்மா ஆஸ்பத்திரில அப்பா கால்மாட்டுல கைய வச்சு சத்தியம் வாங்கிருச்சு. நான் என்னக்கா செய்ய? கையெழுத்து என்னுதுதான கேக்குறாங்க. அக்காவோடது கேக்கலயே." அவன் அழுதான். "பணம் அம்மாட்ட இருக்கு. ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு வாங்கிக்கிருச்சு."

ஷிப்ட் முடிந்து பானு ஆஸ்பத்திரிக்கு வரும் வரை காத்திருந்து, வாசலிலேயே அவளிடம் சொன்னேன். அவள் மேலே போகவில்லை. "பாரூக் கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

வண்டி வரிசையில் நாலாவதாக நின்றது. பின்சீட்டைத் திரும்ப மாட்டியிருந்தார்கள். டேங்கின் மேல் விலை எழுதிய தாள் ஒட்டியிருந்தது. பானு அதன் பக்கத்தில் போய் நின்றாள், தொடவில்லை. பாரூக் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"தெரியாதா உங்களுக்கு?"

பானு தெரியாது என்று தலையாட்டினாள்.

"நான் கேட்டேன் தங்கச்சி. அக்காவுக்குத் தெரியுமா தம்பின்னு கேட்டேன். தெரியும்னான். பேரு உள்ள ஆளு வந்து நிக்கிறான், அவன் போனுக்குத்தான் ஓடிபி வருது. அதுக்கு மேல நான் என்ன கேக்குறது?" அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. "சரி, ஒண்ணு செய்யலாம். அவன்ட்ட குடுத்த விலைக்கே தாரேன். மேல ஒரு பைசா வேணாம். இந்தத் தடவ உங்க பேருக்கே எழுதிருவோம். ஆதார் இருக்கா பையில?" என்று உள்ளேயிருந்து படிவத்தாளை எடுத்துவந்தார்.

இருந்தது. மில் கூட்டுறவு சங்கத்தில் கடன் எடுக்கவும் அவளால் முடியும். எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டு எங்க பாய் நிறுத்துறது?"

பாரூக் என் பக்கம் திரும்பினார். "நீங்க டவுன்லதான இருக்கீங்க தங்கச்சி?"

எங்கள் வீட்டு வாசலில் என் அப்பாவின் ஷேர் ஆட்டோ நிற்கும். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பைக் நிறுத்துகிற அளவுக்கு இடம் உண்டு. அவள் ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் வந்து இறங்கி, வண்டியை எடுத்துப் போய்விட்டு, மதியம் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போகலாம். அவ்வளவு எளிது. யார் வண்டி என்று தெருவில் கேட்பார்கள். என் அம்மா கேட்பாள். சிவனம்மாளுக்குத் தெரிந்தால் என் வீட்டுக்கு வந்து நிற்பாள். அவள் அப்பாவுக்கு மறுபடி ஏதாவது ஆகிவிட்டால் அதில் என் பேரும் சேரும். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, என் வீட்டு வாசலில் ஓர் இடத்தைக் கொடுக்க உரிமை இருக்கிறதா என்றும் தோன்றியது. இதெல்லாம் யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை.

"ஆமா பாய்," என்றேன்.

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. பாரூக் படிவத்தாளை மடித்து மேசைக்குள் வைத்தார். பானு என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அது என்மேல் அவள் வைத்திருந்த அன்பாலா, எதிர்பார்ப்பு எதுவும் இல்லாததாலா, தெரியவில்லை.

"அப்பாவுக்கு ராத்திரி ஊசி இருக்கு. வாரேன் பாய்," என்றாள்.

நாச்சிமுத்து வீட்டுக்கு வந்துவிட்டார். கோலை ஊன்றி வயல் வரை போகிறாராம். பானு மறுபடி மில் வேனில் போகிறாள். ஜாதகத்தை இரண்டு இடத்தில் கொடுத்திருக்கிறார்கள். என்னோடு பேசும்போது சாதாரணமாகத்தான் பேசுகிறாள். மில்லைப் பற்றி, அப்பாவின் சர்க்கரை அளவைப் பற்றி, என் தேர்வைப் பற்றி. வண்டியைப் பற்றி நான் எடுப்பதில்லை, அவளும் எடுப்பதில்லை. நீ செய்தது சரியா என்று அவள் ஒரு தடவை கேட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். கேட்கவில்லை.

போன மாதம் பாரூக் எனக்குப் போன் செய்தார். அவளுடைய எண் அவரிடம் இல்லை, வண்டி வாங்கிய அன்றைக்குக் கொடுத்தது என் எண். "தங்கச்சி, அந்த நீல வண்டி இன்னைக்குப் போயிருச்சு. உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லிருங்க. மனசு கேக்கல, அதான்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மதிய இடைவேளை வரை காத்திருந்து பானுவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் மில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எந்த ஊரு ஆளு வாங்குனதாம்?" என்று கேட்டாள்.

நான் அதைக் கேட்டு வைக்கவில்லை.